உப்பு மறந்த நாள்

கொனாடு கஞ்சியைத் தொடவில்லை. முற்றத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் முக்காலியின் மேல் மக்காச்சோளக் கஞ்சி ஆறி, ஆடை படிந்துகொண்டிருந்தது. தன் துணிப்பையைத் திறந்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை எடுத்து, தன் புட்டித் தண்ணீரோடு, யாரும் காணத் தவறிவிடாதபடி மெல்லத் தின்றாள்.

அடுப்படி வாசலில் நின்ற அச்சியா தவறவில்லை.

கணவனின் அக்காள் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லாமல் எழுந்த நாள் ஒன்றுகூட அச்சியாவின் நினைவில் இல்லை. குறை எப்போதும் ஒன்றுதான்: உப்பு கம்மி. மணமான புதிதில் அச்சியா அதற்காக அழுதிருக்கிறாள். பிறகு சிரிக்கப் பழகினாள். பிறகு அது காதில் விழாத ஓசையாயிற்று. ஒரே ஒரு முறைதான் அந்தக் குறை நியாயமாக இருந்தது. அன்று குழம்பில் உப்பே இல்லை. கைப்பேசியை வைத்துக்கொண்டு யாரோடு கொஞ்சிக்கொண்டிருந்தாய் என்று கொனாடு கேட்டாள். அச்சியா பதில் சொல்லவில்லை. கொனாடு அந்தக் கதையைத் தெரு முழுவதும் சொன்னாள்.

இப்போது அந்தக் குறையைக் கேட்க அச்சியா ஏங்கினாள். குறை சொல்வது உறவு. தொடாமல் விடுவது குற்றச்சாட்டு. கானா நாட்டின் குமாசி நகரில் ஒரு வீட்டின் உணவை இப்படி ஒதுக்குகிறவள், அந்த வீட்டுக்காரியைச் சூனியக்காரி என்று சொல்லிவிட்டாள் என்று பொருள். அதற்கு வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அன்று கொனாடு வாயையும் திறக்கத்தான் வந்திருந்தாள்.

அச்சியாவின் கணவர் ஒடூரோ மழைக்காலத் தொடக்கத்தில் இறந்தார். மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து புழுதிக் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. அவர் இன்னும் பிணவறைக் குளிரில்தான் கிடந்தார். அடக்கத்துக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தள்ளிவைத்தவள் கொனாடு. காரணம் அவள் மகன் ஃபோசு. ஒடூரோவின் குலம் மருமக்கள் தாயத்தைப் பின்பற்றும் குலம். தாய்மாமனின் இடத்துக்கு வருகிறவன் அவருடைய சகோதரியின் மகன். வீடும் கொக்கோத் தோட்டமும் பெயரும் அவனுக்கே. அவன் இல்லாமல் மாமனை மண்ணில் இறக்குவது, வண்டியோட்டி இல்லாமல் வண்டியைத் தள்ளிவிடுவது போல.

பெற்ற மகள் ஃப்ரேமா தாயின் குலத்தைச் சேர்ந்தவள். தகப்பனுக்கு அவளும் அவள் தாயும் செய்ய உரிமையுள்ளது ஒன்றே ஒன்று: சவப்பெட்டி. மனைவியும் பிள்ளைகளும் கொண்டுவரும் பெட்டியில்தான் ஓர் ஆண் படுப்பான். அதைக் குலத்தார் ஏற்றுக்கொண்டால் அவள் மனைவி. திருப்பி அனுப்பினால் அவள் யாருமில்லை. அத்தனை காலமும் அந்த வீட்டில் சமைத்த ஒருத்தி, அவ்வளவுதான்.

குலத் தலைவர் பொன்சு வந்து அமர்ந்ததும் பேச்சு தொடங்கியது. பொன்சுவுக்கு ஒரு காது கேளாது. எந்தக் காது என்பது பேசப்படும் விஷயத்தைப் பொறுத்து மாறும். அன்று இரண்டு காதுகளும் கேட்டன.

கொனாடு எழுந்து நின்றாள். “அச்சியா, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எம் புள்ளை எங்க?”

அச்சியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு வருஷமாச்சு. பெத்தவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி, ஈஸ்டருக்கு ஒரு வரி. ‘நல்லா இருக்கேன்.’ அவ்வளவுதான். குரலைக் கேட்டே ரெண்டு வருஷமாச்சு. உனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் வருது. கோயில் முடிஞ்சு மாமரத்தடியில நின்னு பேசறியாமே... அவன் சிரிச்சது வெளிய கேட்டுச்சாம். எம் புள்ளை சிரிப்பை ஊர்ல எவளோ கேட்டிருக்கா. நான் கேக்கல.”

“உசிரோட இருக்கான் அண்ணி,” என்றாள் அச்சியா. “நல்லா இருக்கான்.”

“அதை நீ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? அவன் வாயைக் கட்டி வெச்சிருக்கறவ நீதான். எந்தம்பியையும் நீதான் தின்ன. செத்தவன் வாசலைப் பார்த்துக்கிட்டே செத்தான். வாரிசு வரக்கூடாது, சொத்து கைமாறக்கூடாது... அதானே?”

அச்சியாவுக்கு அதில் ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே இறங்கியது. செத்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் செத்தார். பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகு, அவர் கண்கள் வாசலை விட்டு நகரவில்லை. யாரை எதிர்பார்த்தார் என்பது அச்சியாவுக்குத் தெரியும். அவன் ஏன் வரமாட்டான் என்பதும் தெரியும். அவர் காதில் குனிந்து அதைச் சொல்லியிருக்கலாம். அவரால் அதை யாரிடமும் திருப்பிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு ஆணையிட்டுக் கொடுத்திருந்தாள்; ஆணை என்றால் ஆணை. அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

தன் மகன் எங்கே, ஏன் வரவில்லை என்று அச்சியா குலத்தார் முன் சொல்லாவிட்டால், அவளும் அவள் மகளும் கொண்டுவரும் பெட்டியைத் தொடப்போவதில்லை என்றாள் கொனாடு. குலமே ஒரு பெட்டி செய்யும். தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. பொன்சு இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். வரும் சனிக்கிழமைதான் அடக்கம், இனி நாள் தள்ளுவதில்லை, அதுவரை அச்சியா யோசிக்கட்டும் என்று முடித்தார். போகும்போது கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, முழுவதையும் குடித்தார். அது அவருடைய தீர்ப்பா பசியா என்று யாருக்கும் தெரியவில்லை.

பால்பற்கள் விழும் வயதில் ஃபோசு இந்த வீட்டுக்கு வந்தான். கொனாடு வடக்குப் பாதையில் வெங்காய வியாபாரம் செய்தாள்; லாரிகளோடு போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டாள். மருமகனை வளர்ப்பது மாமன் கடமை என்பதால் தம்பி வீட்டில் விட்டாள். கடமை ஒடூரோவுடையது, வளர்த்தது அச்சியா. அவள் அடுப்பருகே உட்கார்ந்துதான் அவன் வாய்ப்பாடு படித்தான். பெரியவர்கள் கேட்காமல் பேசக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். கேட்டால் மட்டும் பேசுகிற, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிற பையன் என்று ஆசிரியர்கள் அவனைப் புகழ்ந்தார்கள்.

நகரின் வணிக மேலாண்மைக் கல்லூரியில் அவன் முதல் மாணவன். நெதர்லாந்திலுள்ள ஒரு கல்லூரியோடு அவர்களுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் இருந்தது. ஆளுக்கு ஆள் என்பது அதன் விதி. இங்கிருந்து ஒருவர் ராட்டர்டாமுக்குப் போவார். அங்கிருந்து ஒருவர் குமாசிக்கு வருவார். ஒரு பருவம் படித்து, தேர்வெழுதி, அவரவர் ஊர் திரும்ப வேண்டும். ஃபோசு தேர்வானபோது ஒடூரோ ஆடு வெட்டினார். முன்னோருக்கு மது வார்த்து, இவன் போகிற பாதையில் கல் இல்லாமலிருக்கட்டும் என்று வேண்டினார். குலமே திரண்டு விமான நிலையம்வரை போயிற்று.

ஃபோசுவுக்கு மாற்றாக வந்த டச்சுப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டுக்கு வருவாள்; மெல்லாமல் விழுங்க வேண்டிய ஃபூஃபூக் களியைக் கவனமாக மென்று தின்று முற்றத்தைச் சிரிக்கவைப்பாள். பருவம் முடிந்ததும் அவள் மதிப்பெண் சான்றிதழோடு விமானம் ஏறினாள். ஃபோசு ஏறவில்லை. அவன் தேர்வுக்கே வரவில்லை, அறையைக் காலி செய்துவிட்டான், இருக்குமிடம் தெரியவில்லை என்று அங்கிருந்து தகவல் வந்தது. போனவனைப் பற்றி விவரம் தெரியும்வரை குமாசிக்கான இருக்கை மூடப்பட்டிருக்கும் என்றும் வந்தது.

அந்த இருக்கைக்கு அடுத்து உரியவள் ஃப்ரேமா. ஃபோசுவுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். அந்த வகுப்பின் முதல் மாணவி. டச்சுப் பெண்ணிடமிருந்து அந்த ஊர் மொழியில் எண்களையும் நன்றி சொல்வதையும் ஏற்கெனவே கற்றுவைத்திருந்தாள். அவள் குமாசியிலேயே படிப்பை முடித்து, இப்போது ஒரு கைப்பேசிக் கடையில் சிம் அட்டைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

குலத்தார் கலைந்து போன அன்று மாலை, அச்சியா கறுப்புத் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது ஃப்ரேமா வந்து வாளிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“அத்தை சொன்னது நிஜமா? போன் வருதா?”

“வருது.”

“எவ்வளவு நாளா?”

“அவன் இங்கேருந்து போன அந்த வருஷத்துலேருந்து.”

ஃப்ரேமா குரலை உயர்த்தாமல் பேசினாள். அவள் குரலை உயர்த்தியிருந்தால் அச்சியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“காலேஜ்ல என்னைக் கூப்பிட்டு, ‘உங்க வீட்டுப் பையன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா சொல்லும்மா, உன் சீட்டு பொழைக்கும்’னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். நீ பக்கத்துல உக்காந்திருந்த. எனக்குக் கதவைச் சாத்தினப்போ, சாவி உன் இடுப்புல இருந்திருக்கு.”

“சொல்லக்கூடாதுன்னு ஆணை, ஃப்ரேமா.”

“யார்மேல?”

“எங்கம்மா மேல.”

“செத்துப்போன உங்கம்மா மேல ஆணை.” ஃப்ரேமா வாளியிலிருந்த நீரைப் பார்த்தாள். “உசிரோட இருக்கற உன் மக மேல ஒண்ணும் இல்ல. அவன் எப்பவுமே உனக்கு ஒசத்தி. பெட்டி வேணும்னா நீயே கொண்டு போ. நான் வரல.”

அவள் போன பிறகும் அச்சியா அதே துணியை அலசிக்கொண்டிருந்தாள். துணி எப்போதோ சுத்தமாகிவிட்டது. மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் திரும்பி வந்துவிடுவாள். நாத்தனாரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் பெட்டியும் ஏற்கப்படும். ஆனால் சொல்லப்பட்ட வார்த்தை ஊரைச் சுற்றி, கடலைத் தாண்டி, ஒரு பாலத்தின் மேல் போய் நிற்கும். பாலத்தின் கீழே ஓடுகிற நீரை அச்சியா பார்த்ததில்லை. ஆனால் அந்த ஓசையை அவள் கேட்டிருக்கிறாள்.

ஞாயிறுதோறும் ஃபோசுவிடம் ஆணையிலிருந்து விடுதலை கேட்டாள். அடுத்த மாதம் மாமி, அடுத்த மாதம் நானே சொல்லிவிடுகிறேன் என்பான். மாமன் இறந்ததைச் சொன்னபோது வருவதாக அழுதான். அடுத்த ஞாயிறு முடியாது என்று அழுதான். பெட்டியைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் தலையில் அதையும் ஏற்றினால் அவன் எங்கே போய் நிற்பான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாட்களுக்குப் பிறகு சந்தையிலிருந்து திரும்பியபோது, வைத்த இடத்தில் அவள் கைப்பேசி இல்லை. ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஃப்ரேமா முற்றத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் கோபமாக இல்லை; வேறு எப்படியோ இருந்தது. அச்சியா கேட்கத் துணியவில்லை. மறுநாள் காலை, வரமாட்டேன் என்று சொன்னவள் தானாகவே தச்சர் கடைக்குப் போய், பெட்டியின் இழைப்பைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு மூலை சரியில்லை என்று மீண்டும் இழைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஏன் போனாய் என்று அச்சியா கேட்டாள்.

“அப்பா முழங்கை இடிக்கும்,” என்றாள் ஃப்ரேமா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் முற்றத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன.

குலத்தாரின் பெட்டி கண்ணாடி மூடியும் பொன்னிறப் பிடிகளும் கொண்டது. உள்ளே வெள்ளைப் பட்டு மடிப்பு மடிப்பாகப் பொங்கியிருந்தது. அச்சியா கொண்டுவந்தது உள்ளூர்க் காட்டு மரத்தில் செய்த எளிய பெட்டி. அதைச் சுமந்து வந்த அவள் குலத்து இளைஞர்கள், எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால், பந்தலின் விளிம்பில் வெயிலில் வைத்துவிட்டு நின்றார்கள். ஒடூரோ பிணவறையிலிருந்து வந்து, நடுக்கூடத்துப் பித்தளைக் கட்டிலில், கெண்டே என்னும் பல வண்ண நெசவு அங்கவஸ்திரம் போர்த்திப் படுத்திருந்தார். செத்தவர் ஒருவர், பெட்டிகள் இரண்டு. பந்தலில் சிவப்பும் கறுப்பும் அணிந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவற்றைப் பார்க்காமலிருக்க முயன்று தோற்றார்கள்.

பொன்சு தம் கோலால் தரையைத் தட்டினார். அச்சியாவுக்குச் சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

அச்சியா எழுந்தாள். கூடத்தில் படுத்திருந்தவரின் பாதங்கள் அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தன. “ஒண்ணும் இல்லைங்க. பெட்டியைக் கொண்டுவந்திருக்கேன். எம் புருஷன் அளவுக்குச் செஞ்சது. ஏத்துக்கறதும் திருப்பறதும் உங்க விருப்பம்.”

“பார்த்தீங்களா,” என்றாள் கொனாடு. “இப்பவும் வாயைத் திறக்கல.”

அப்போது வாசலில் ஒரு டாக்சி நின்றது.

இறங்கியவனை முதலில் அடையாளம் கண்டவள் அச்சியா. மெலிந்திருந்தான். குளிர்நாட்டுச் சட்டையின் மேல் சிவப்புத் துணியொன்றைச் சுற்றியிருந்தான். சுற்றும் முறை கை மறந்துபோய், துணி தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. கொனாடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பொன்சுவின் கோல் அவள் முன்னால் குறுக்கே நீண்டது.

“முறை இருக்கு, கொனாடு.”

முறைப்படி, வந்தவன் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, அமர்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துக்கொண்டு வந்தான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. தாயின் கையை எல்லோருக்கும் கொடுத்த அதே அளவுதான் பிடித்தான், அவள் விடவில்லை, அவனே விடுவித்துக்கொண்டு நகர்ந்தான். அச்சியாவின் கை வந்தபோது அதைப் பிடிக்காமல் இரு கைகளாலும் ஏந்தினான். பிறகு எதிரே தனியாகப் போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்தான். தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தான்.

தண்ணீர் குடிக்கும்வரை வந்தவனை ஒன்றும் கேட்கக்கூடாது. குடித்த பிறகு கேட்டே ஆகவேண்டும். கேட்டால் அவன் சொல்லியே ஆகவேண்டும். அதில் ஒளிப்பதற்கு இடமில்லை. அதிலும் பிணம் கிடக்கிற வீட்டில்.

பொன்சு தொண்டையைச் செருமினார். “எங்க பக்கம் அமைதிதான்,” என்று, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்தபடி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னார். “பாதையில வந்தவன் நீ. சேதி சொல்லு.”

ஃபோசு எழுந்து நின்றான்.

“படிக்கப் போனேன். முடிக்கல.”

அவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

“அங்க வாத்தியார் பாடம் நடத்த மாட்டார். ஒரு கம்பெனியோட கதையைக் கொடுத்து, நீ முதலாளியா இருந்தா என்ன செய்வன்னு வகுப்புல பேச விடுவார். ஆளாளுக்கு அடிச்சுப் பேசுவாங்க. வாத்தியார் பேச்சையே குறுக்கால வெட்டுவாங்க. நான் பெரியவங்க கேக்காம பேசக்கூடாதுன்னு வளந்தவன். எனக்குப் பதில் தெரியும். என்னைக் கேக்கட்டும்னு காத்திருந்தேன். யாரும் கேக்கல. பேசினாத்தான் மார்க்குன்னு பாதிப் பருவம் போனப்பறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள, இவன் வாயில்லாதவன்னு எந்தக் குழுவுலயும் சேத்துக்கல. நான் போறதை நிறுத்திட்டேன். ரூம்லயே கிடந்தேன். பரிட்சை வந்துச்சு, போச்சு.”

“அப்பவே வந்திருக்கலாமேடா,” என்றாள் கொனாடு. குரல் தாயின் குரலாக இருந்தது.

“ஆடு வெட்டி அனுப்பின வீடும்மா.” அவன் முதல் முறையாக நிமிர்ந்தான். “ஒருநாள் மத்தியானம் பாலத்துக்குப் போனேன். திரும்பி வர்ற எண்ணமில்ல. அதுக்கு முன்னால ஒரு குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு. மாமிக்குப் போட்டேன்.”

அச்சியா கண்களை மூடிக்கொண்டாள். தெரியாதது ஒன்றுமில்லை. ஆயினும் அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது இதுவே முதல் முறை.

“மாமி அழல. எங்க நிக்கறன்னு கேட்டாங்க, சொன்னேன். ‘செம்பனைப் பழம் வேகுது, எனக்குக் கை வேலையா இருக்கு, அடுத்து என்ன செய்யணும் சொல்லு’ன்னாங்க. ஏதோ விளையாட்டுன்னு நெனச்சேன். இடிக்கணும்னேன். ‘இடிச்சுட்டேன். அப்பறம்?’ நாரைப் பிழிஞ்சு சாறு எடுக்கணும்னேன். ‘அங்க காத்து சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கல, நடந்துக்கிட்டே சொல்லு.’ நடந்தேன். வெங்காயம் எப்ப, மிளகாய் எப்ப, கருவாட்டை முள் எடுத்துப் போடணுமா அப்படியேவா... ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சின்னப் புள்ளையில அவங்க பக்கத்துல உக்காந்து பார்த்ததை எல்லாம் சொல்லிக்கிட்டே நடந்தேன். உப்புக்கு வர்றதுக்குள்ள என் ரூம் கதவு வந்துருச்சு. உள்ள போய்க் கதவைச் சாத்து, அப்பறம் போனை வைன்னாங்க.”

கொனாடு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் உதடுகள் ‘உப்பு’ என்று ஓசையின்றி அசைந்தன. அச்சியா அவளைப் பார்க்கவில்லை.

“யார்கிட்டயாவது சொன்னா திரும்ப அங்கதான் போய் நிப்பேன்னு மிரட்டினேன். அவங்கம்மா மேல ஆணை வாங்கினேன். அப்பறம் ஒரு கண்ணாடிக் கூடாரத்துல குடைமிளகாய் பறிச்சுப் பொழைச்சேன். அனுமதியில்லாமத்தான். இப்ப வர்றப்போ பாஸ்போர்ட்ல குறிச்சுட்டாங்க. இனி அந்தப் பக்கம் விட மாட்டாங்க. மாமியை இங்க என்ன பேசறீங்கன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. மாமி சொல்லல. ஃப்ரேமாதான் போன் பண்ணினா. திட்டத்தான் பண்ணினா. அவ சீட்டை மூடினவன் நான். திட்டி முடிக்கற வரைக்கும் கேட்டேன். அப்பறம் நான் சொன்னதை அவ கேட்டா. பெட்டியைத் திருப்பறாங்கன்னு அதுக்கப்பறம்தான் சொன்னா.” அவன் துணியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். “இதான் சேதி.”

பொன்சு நீண்ட நேரம் தம் கோலின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பதா ஆறுதல் சொல்வதா என்று அவர் தேடியிருக்கலாம். கடைசியில் இரண்டையும் செய்யவில்லை.

“உன் மாமன் எடத்துக்கு வர்றவன் நீ. எந்தப் பெட்டி?”

ஃபோசு பந்தலின் விளிம்புக்குப் போய், வெயிலில் கிடந்த மரப்பெட்டியின் தலைப்பக்கத்தைத் தூக்கினான். கால்பக்கத்துக்கு ஆண்கள் யாரேனும் வருவதற்குள் ஃப்ரேமா குனிந்து பிடித்துவிட்டாள். இருவரும் அதைக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். அப்போது கொனாடு எழுந்தாள். பொன்னிறப் பிடிகள் கொண்ட பெட்டிக்குப் போய், கண்ணாடி மூடியைத் திறந்து, உள்ளே பொங்கியிருந்த வெள்ளைப் பட்டை இரு கைகளாலும் வாரி எடுத்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டுபோய் மரப்பெட்டிக்குள் விரித்தாள். சுருக்கங்களை நீவினாள். நீவ வேண்டியது முடிந்த பிறகும் நீவிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்,” என்றார் பொன்சு. “எனக்கு அளவு சரியா இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தலில் பலரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஃபோசு மாமனின் காதருகே குனிந்து வெகுநேரம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அச்சியா அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்தக் காதில் தான் சொல்லாமல் விட்டது அதில் இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அது உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்பதை எந்த அடக்கமும் மாற்றாது. ஃப்ரேமா அருகே வந்து, தாயின் நெற்றியில் தளர்ந்திருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து மீண்டும் இறுக்கிக் கட்டினாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீயும் தூக்கிக்கிட்டு நடக்கணும்.”

ஃப்ரேமா முடிச்சைச் சரிபார்த்தாள். அதைச் சரிபார்த்த கை தாயின் கன்னத்தில் சற்றுத் தங்கியது. பிறகு அவள் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டாள். அச்சியா அவளை, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்து, இறுக அணைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஃபோசுவும் ஃப்ரேமாவும் கல்லூரிக்குப் போனார்கள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். அவன் கிடைத்துவிட்டான் என்று ராட்டர்டாமுக்கு எழுதுவதாகவும், வருகிற ஆண்டு இருக்கை மீண்டும் திறக்கக்கூடும் என்றும் துறைத் தலைவர் சொன்னார். ஃப்ரேமாவுக்கு அது திறக்காது. பட்டம் பெற்றுவிட்டவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. வீட்டுக்கு வந்து அவள் அதைத் தாயிடம் சொன்ன விதத்தில் புகார் எதுவும் இல்லை. அதுதான் அச்சியாவை வருத்தியது. அடுத்துப் போகிறவர்களை உட்காரவைத்து ஃபோசு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஃப்ரேமா அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள்: கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஃபோசு அச்சியாவை இந்த வீட்டிலேயே இருக்கச் சொன்னான். வீடு இப்போது அவனுடையது, சொல்ல உரிமையுள்ளவன். அச்சியா மறுத்தாள். எஜிசுவில் அவள் தாயின் குலத்தார் வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டு. கணவன் போன பிறகு பெண் போகிற இடம் அது. போகச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள், வாசலில் உட்கார்ந்து வழக்குப் பேசியிருப்பாள். யாரும் போகச் சொல்லாததால்தான் அவளால் போக முடிந்தது.

வியாழன் காலை மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டு, ஃப்ரேமா அழைக்கும்வரை இருக்கட்டும் என்று அச்சியா அடுப்படிக்குத் திரும்பினாள். வீட்டில் இருக்கிறவர்களுக்காக அதிகாலையில் ஃபூஃபூ இடித்து, செம்பனைக் குழம்பு வைத்திருந்தாள். அடுப்பைத் தணித்து, சட்டியை மூடப்போனபோது வாசலில் நிழல் விழுந்தது.

கொனாடு வந்து நின்றாள். கையில் துணிப்பை இல்லை, தண்ணீர்ப் புட்டி இல்லை. குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். மண்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கை கழுவி, ஃபூஃபூவை விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். இன்னொரு கவளம். மூன்றாவது கவளத்தில் அவள் கை சட்டியின் விளிம்பில் நின்றுவிட்டது.

“உப்பே இல்ல, அச்சியா.”

ஃபோசு பாலத்தில் நின்ற அன்றும் அவள் சொன்ன வார்த்தைகள் இவைதான். கண்ணீர் மூக்கின் ஓரமாக இறங்கிக் குழம்பில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

உப்புக் கிண்ணம் அச்சியாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, கழுவிய கையை அதே சட்டிக்குள் வைத்தாள். வெளியே வேன்காரன் ஒலியெழுப்பினான். ஃப்ரேமா அவனை ஏதோ சொல்லி அடக்கினாள்.

கொனாடு சொன்னது சரிதான். உப்பே இல்லை. சட்டி வெறுமையாகும்வரை இருவரும் தின்றார்கள்.